போஸ்ட்மாஸ்டர் குடித்த தண்ணீர்

கடலோர ஊரான தாழைமேட்டுக்குப் போகிற பாதையில், தேரிச் செம்மணல் மேடாக ஏறி இறங்குகிற இடத்தில், ஒரு சின்ன மடம் இருந்தது. ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு வேம்பு, வழியில் வருகிறவர்களுக்குக் கஞ்சி. மடத்தை நடத்தியவள் செண்பகத்தம்மை. நாற்பது வயதுதான் இருக்கும். யாராவது சாமியாரம்மா என்று காலில் விழப்போனால், "மொதல்ல கஞ்சியைக் குடிங்க" என்று எழுப்பி உட்கார்த்திவிடுவாள்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் பூவலிங்கம். வயதில் மூத்தவர், அவ்வளவுதான். ஞானத்தில் மூத்தவர் என்று அவரே சொல்லிக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், பக்கத்து டவுனில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு 'கரைநீர்க் காவல்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். லாபமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. மாதம் தவறாமல் தாழைமேட்டுக்கு வந்து, ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். பூவலிங்கத்தின் ஒரு தோளில் பை, பைக்குள் நுனியில் ஈயக் குண்டு கட்டிய நீளமான டேப். இன்னொரு தோளில் மனைவி நிறைத்துக் கொடுத்த தண்ணீர் பாட்டில். இந்த இரண்டும் இல்லாமல் அவரை அந்தப் பக்கம் பார்த்தவர்கள் கிடையாது.

ஒரு நாள் காலையில் அவர் மடத்துக்கு வந்து வேம்படியில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"ஒண்ணே ஒண்ணுதானா? தேறிட்டீய அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மணலில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு ஓடியது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மற்றபடி படுத்துக்கிடந்தது.

"ஏழு வருஷத்து அளவு இது. மழை பெய்யாத வருஷம்கூட கோடு இறங்கல. கிணத்துல தண்ணி அப்படியே நிக்கி."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா சுயம்புலிங்கம் தோப்புல தென்னை கருகுது. ஓலை நுனியெல்லாம் தீஞ்சு தொங்குது. கிணத்துல தண்ணி கிடக்கு, பக்கத்துல மரம் சாவுது. இதுல எது பொய்?"

அம்மை கோட்டைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை கிராம சபை. டவுன் கம்பெனி ஒண்ணு ஊர் எல்லையில ஆழமா போர்க்கிணறு போட்டு லாரி லாரியா தண்ணி எடுக்கக் கேட்டிருக்கு. தலைவர் என்னைத்தான் கேப்பாரு. கரைநீர்க் காவல் என்ன சொல்லுதோ அதான் முடிவுன்னு ஊரே சொல்லிட்டு. இந்தக் கோட்டைக் காட்டினா போர் வந்துரும். காட்டாம வச்சா நான் மறைச்சவனாயிருவேன்."

"ம்."

"அதான் கேக்கேன். எங்களை மாதிரி ஒரு சங்கம் தண்ணியையும் மண்ணையும் எப்படித்தான் கண்காணிக்கணும்? இன்னும் நல்ல கருவி வாங்கணுமா? வாராவாரம் வந்து அளக்கணுமா? ஆள் பத்தலையா?"

அம்மை அவர் தோளைப் பார்த்தாள்.

"தாகமா இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல அம்மை. வழியில குடிச்சேன்."

"அந்தப் பையை இப்படி வைங்க."

வைத்தார்.

"பாட்டிலையும்."

கொஞ்சம் தயங்கினார். அதையும் கழற்றி வைத்தார். அம்மை இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், வெறுங்கையோடு வந்தாள்.

"இப்ப ஊருக்குள்ள போங்க. கிணறு இருக்கிற வீடா பாத்து, தண்ணி கேட்டுக் குடிங்க. கிணத்துத் தண்ணி மட்டும். மோரு குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. இளநி குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. சோடா, கலர் வாங்கிட்டு வந்தா அதுவும் வேண்டாம்."

"டேப் இல்லாம போயி நான் என்ன செய்ய அம்மை?"

"குடிக்கத்தானே சொன்னேன்."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வராது என்று பூவலிங்கத்துக்குத் தெரியும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

தேரி வெயில் சும்மா விடுமா? ஊர் எல்லைக்குள் கால் வைப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பழக்கத்தில் கை இரண்டு தடவை தோளைத் தடவிப் பார்த்தது. பாட்டில் இல்லை.

முதலில் சுயம்புலிங்கம் வீடு. மனிதர் அவரைக் கண்டதும் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"வாங்க வாங்க போஸ்ட்மாஸ்டர் ஐயா! இன்னைக்கு அளக்குற நாள் இல்லையே?"

"அளக்க வரல. தாகம். ஒரு செம்பு தண்ணி குடுங்க."

"தண்ணியா?" சுயம்புலிங்கம் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதைப் போலப் பார்த்தார். "நல்லா கேட்டீய. இருங்க, இளநி வெட்டுதேன்."

"இளநி வேண்டாம். தண்ணி போதும்."

"எம் மேல என்னய்யா கோவம்?"

"கோவம் ஒண்ணும் இல்ல. தண்ணி குடுங்க."

சுயம்புலிங்கம் உள்ளே போய் ஒரு தம்ளரில் கொண்டு வந்தார். கதவு திறந்திருந்ததால் அது நீலக் கேனிலிருந்து சரிந்து விழுவதைப் பூவலிங்கம் பார்த்துவிட்டார்.

"இது கேன் தண்ணில்லா? கிணத்துத் தண்ணி குடுங்க."

"மோட்டார் ரிப்பேரு."

"வாளி இருக்குமே?"

"கயிறு அந்துபோச்சு."

கிணறு முற்றத்திலேயே இருந்தது. புத்தம் புதுக் கயிறு ராட்டினத்தில் தொங்கியது, வாளி அதன் நுனியில் ஆடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பூவலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, வாறேன்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த வீட்டில் மோர் கலக்கினார்கள். அதற்கடுத்த வீட்டில், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கடைக்கு ஆள் விட்டுக் கலர் வாங்கிவந்து மூடியையும் திறந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் "கிணத்துல பல்லி விழுந்துட்டு" என்றார்கள். ஏழு வருஷமாக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஊர், அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் தரமாட்டாமல் முழித்தது. அவருக்குக் கோபம்கூட வந்தது. மாதாமாதம் வெயிலென்று பாராமல் வந்த மனிதனுக்கு இவ்வளவுதானா மரியாதை?

நடந்துகொண்டே யோசித்தார். மரியாதையில் குறைவே இருந்ததில்லையே. போன மாதம் இளநீர். அதற்கு முந்தின மாதம் மோர், நெல்லிக்காய் ஊறுகாயோடு. அதற்கு முன்னால் கலர். எந்த மாதம் தண்ணீர் குடித்தோம் என்று எண்ணிப் பார்த்தார். குடித்ததாக ஞாபகம் வரவில்லை. தாகம் எடுத்தபோதெல்லாம் பாட்டில் இருந்தது.

நடை மெதுவாயிற்று.

ஊர்க்கோடியில் லிங்கக்கனி வீடு. புருஷன் இல்லாதவள், கருவாடு விற்று ஒரே மகனை ஆளாக்கியவள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்க்கிறாள், நுரையே எழும்பவில்லை.

"வாங்கய்யா. உக்காருங்க, மோரு எடுத்துட்டு வாறேன்."

"வேண்டாம் தாயி. தண்ணிதான் வேணும்."

"உள்ள கேன்ல இருக்கு."

"இதுல இருந்து."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே வாளியை இறக்கிவிட்டார்.

"ஐயா, வைங்க! வேண்டாம்யா! சொன்னா கேளுங்க!"

அவள் ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் அவர் இரு கையாலும் அள்ளி வாயில் விட்டுக்கொண்டார்.

கரித்தது. கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகிற தண்ணீர்தான் அது. துப்பத்தான் தோன்றியது. அவள் எதிரே துப்ப மனம் வராமல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"என்னமோ புதுசா கேக்கீய? நாலஞ்சு வருஷமாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவ்வளவுதான், லிங்கக்கனிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"உங்ககிட்டச் சொல்லணுமா? மாசாமாசம் வந்து கிணத்துக்குள்ள தலையை விட்டுப் பாக்குதது நீங்க! உங்களுக்குத் தெரியாதது எங்களுக்கா தெரியப்போவுது? ஊர்க் கிணறெல்லாம் நல்லாருக்குன்னு நீங்க சொல்லிட்டுப் போவீய. அப்ப எங்க வீட்டுக் கிணறு ஒண்ணுதான் இப்படி நாசமாப் போச்சு, நான் செஞ்ச பாவம்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்!"

பூவலிங்கம் வாளியைக் கீழே வைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்கு. கிணறு உப்புன்னு தெரிஞ்சா அவிய யோசிப்பாவ. குடம் தூக்கி அலைய எவன் பொண்ணு குடுப்பான்? வெளிய சொல்லிராதீங்கய்யா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"சொல்ல மாட்டேன் தாயி."

அவர் மடத்துக்குத் திரும்பியபோது அம்மை கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சீயளா?"

"குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கடலு."

அம்மை பானையைக் கவிழ்த்து வைத்தாள். அவர் வேம்படியில் உட்கார்ந்தார். விரித்த தாள் அங்கேயே கிடந்தது. கல்லுக்குக் கல் அந்தக் கோடு நேராகப் படுத்துக்கிடந்தது.

"நல்ல தண்ணியை எடுத்த எடத்துல கடல் வந்து உக்காந்திருக்கு அம்மை. பெறகு மட்டம் எப்படிக் குறையும்? நான் கடலை அளந்திருக்கேன். ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே!"

"நீங்க என்ன கேட்டீய?"

"எத்தனை அடின்னு கேட்டேன்."

"யாருகிட்ட?"

பூவலிங்கத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அம்மை தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கும் அந்த ஊர்ல மோருதான் அண்ணாச்சி. நானும் வந்துபோற ஆளுதானே? நீங்க ஒருநாளும் தாகத்தோட திரும்பினதில்ல. அது மட்டும் தெரியும்."

"வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்ல? ஏழு வருஷமா குருட்டாம்போக்குல அளந்தோம்னு சொன்னா, சங்கத்தை இனி எவன் நம்புவான்? மத்த ஊர்லயும் சிரிப்பாவ. சொல்லாம இருந்தா போர் வந்துரும், மிச்சம் மீதி இருக்கிற நல்ல தண்ணியும் லாரி ஏறிப் போயிரும். சொன்னாலோ, அந்தப் பொம்பளைக்குக் குடுத்த வாக்கு என்னாவது?"

"உப்பு யாரு நாக்குல பட்டுது?"

"என் நாக்குலதான்."

"அதைச் சொல்லுததுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?"

அவர் எழுந்து தாளைச் சுருட்டினார்.

"டேப்பைக் குடுங்க அம்மை."

"இப்ப எதுக்கு? பெறகு வாங்க."

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் தகரப் பந்தலில் ஊரே கூடியிருந்தது. பூவலிங்கம் முந்தின நாளே தலைவரிடம் கொடுத்திருந்த கோட்டை வாங்கி, கம்பெனிக்காரர் பெரிசாக அச்சடித்துப் பந்தல்காலில் மாட்டியிருந்தார்.

"இது நாங்க போட்ட படம் இல்லீங்க. உங்க போஸ்ட்மாஸ்டர் ஐயா போட்டது. ஏழு வருஷமா உங்க ஊர்ல தண்ணி ஒரு அடிகூடக் குறையல. கொஞ்சம் எடுத்தா என்ன கெட்டுப்போகும்?"

தலைவர் திரும்பினார். "ஐயா சொல்லட்டும்."

பூவலிங்கம் எழுந்தார். தோளில் பையும் இல்லை, பாட்டிலும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோடு நான் போட்டதுதான். அதுல ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. ஆனா இந்த ஏழு வருஷத்துல இந்த ஊர்க் கிணத்துத் தண்ணியை நான் ஒரு வாய் குடிச்சதில்ல. இந்த வாரம்தான் குடிச்சேன். கரிக்குது. எந்தக் கிணறுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். தப்பு கிணத்து மேல இல்ல. எம் மேல."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்ப இத்தனை வருஷமும் என்னத்தவே அளந்தீரு?"

நாலு பேர் சிரித்தார்கள். பூவலிங்கத்தின் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"மட்டத்தை அளந்தேன். மத்ததைக் கேக்கல."

அப்போது சுயம்புலிங்கம் எழுந்தார். யாரையும் பார்க்காமல் பந்தல்காலைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுக் கிணறும் உப்புதான்."

"உங்க கிணறுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் துள்ளினார். "எங்க கிணறு மட்டும்தான்னுல்லா நினைச்சேன்!"

"உங்களுதும் போச்சா?"

"போயி எத்தனை வருஷமாச்சு!"

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோர் வீட்டிலும் கேன், எல்லோர் வீட்டிலும் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். சண்டை போடுகிற மாதிரி சத்தம், ஆனால் முகமெல்லாம் தெளிந்திருந்தது. கடைசியில் லிங்கக்கனி எழுந்தாள். சம்பந்தி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் பந்தலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்தாள்.

"ஐயா குடிச்சது எங்க வீட்டுக் கிணறு. வாக்குக் குடுத்த மாதிரி அவிய சொல்லல. நான் சொல்லுதேன். என் மவன் கல்யாணம் நின்னா நிக்கட்டும். போர் மட்டும் வேண்டாம்."

எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது, பதில் வரும்வரை போர் பேச்சே கூடாது என்று தலைவர் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கம்பெனிக்காரர் படத்தைக் கழற்றிச் சுருட்டினார். சங்கத்தில் இரண்டு பேர், "இப்படி நடுச்சபையில மானத்தை வாங்கிட்டீயளே" என்று அன்றைக்கே விலகிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துப் பூவலிங்கம் மடத்துக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மை கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"கல்யாணம்?" என்றாள்.

"நிக்கல அம்மை. பொண்ணோட அப்பன் என்ன சொன்னாராம் தெரியுமா? 'எங்க ஊர்க் கிணத்துல மட்டும் என்ன பதநீயா ஊறுது? எப்படிச் சொல்லன்னு நாங்களும்தான் முழிச்சுக்கிட்டு இருந்தோம்'னாராம்."

அம்மை வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சற்று நெருங்கி உட்கார்ந்தார்.

"அம்மை, அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல. இன்னைக்கு மறுபடி அளக்கப் போறேன். உப்பு பாக்குற கருவி ஒண்ணும் வாங்கியாச்சு. மத்த ஊர்ச் சங்கத்துக்காரங்க வேற, எப்படிக் கண்காணிக்கணும்னு எங்கிட்டக் கேக்காவ. என்னன்னு சொல்ல?"

அம்மை கீரைத் தண்டுகளை முறத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பையோடு வந்தாள். டேப் உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அவர் தோளில் தானே மாட்டிவிட்டாள்.

அவர் காத்திருந்தார். அவள் மறுபடி கீரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தோளைத் தடவியபடி அவர் கேட்டார்.

"அம்மை, பாட்டில்?"

அம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது இங்கயே கிடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க ஊருக்குத்தானே போறீய?"